பதினாறாவது பொத்தான்

பகலெல்லாம் கெட்ட சத்தத்தைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். ஓடுகிற மோட்டாரின் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வேன். உள்ளே பேரிங் முனகுகிறதா, ஃபேன் எங்காவது உரசுகிறதா என்று அந்தக் கம்பி வழியாகவே தெரிந்துவிடும். சரியில்லை என்றால் சிவப்பு அட்டை கட்டி ஓரமாகத் தள்ளிவிடுவேன். இதையெல்லாம் அளக்க மீட்டர் வந்துவிட்டது. ஆனாலும் மீட்டருக்கும் ஆளுக்கும் சண்டை வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. பிறகு என் காலை வாரிவிட்டதும் அதுதான்.

சாயங்காலம் போத்தனூரில் இருக்கிற வீட்டுக்கு வந்தால் நேர் எதிரான வேலை. கெட்ட சத்தமாகத் தேடிப் பிடித்துச் சேர்த்துவைப்பேன். டிரம் மெஷின் என்று ஒன்று உண்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, மேலே பதினாறு பொத்தான்கள், உள்ளேயே ஒரு ஸ்பீக்கர், ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு அடி. மேளக்காரர் இல்லாமலே தாளம் போடலாம். அதில் போடுவதற்கான துண்டுச் சத்தங்களைத்தான் நான் செய்கிறேன். சுத்தமான, பளிங்கு போன்ற சத்தம் எனக்குப் பிடிக்காது. தேய்ந்த கேசட்டில் கேட்பதுபோலக் கரகரவென்று, ஓரங்கள் மழுங்கி இருக்க வேண்டும். அதற்கு லோ-ஃபை என்று பெயர். என் வீட்டுக்காரர் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'ரிப்பேர் சத்தம்'. அவர் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்ப்பவர். பச்சை என்றால் பச்சை, சிவப்பு என்றால் சிவப்பு என்று வாழ்கிற மனிதர். இருந்தாலும் ரெக்கார்ட் செய்யும்போது என் தலைமேல் பவானி ஜமக்காளத்தைப் போர்த்திவிட்டு, வெளிச் சத்தம் புகாமல் நாலு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு நிற்பது அவர்தான். "உள்ள மூச்சு முட்டுதா?" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டு ரெக்கார்டிங்கைக் கெடுப்பதும் அவர்தான்.

போன வருஷம் நான் இணையத்தில் போட்டிருந்த சில சத்தங்களைக் கேட்டுவிட்டு, வெளிநாட்டிலிருந்து ஒருவர் எழுதினார். சின்னச் சின்ன டிரம் மெஷின்களைத் தன் கையாலேயே செய்கிறவர். அடுத்து செய்யப்போகும் மெஷினில் பதினாறு பொத்தானுக்கும் என் சத்தத்தையே போடலாமா என்று கேட்டார். இருபது வருஷமாகக் காதை வைத்துப் பிழைக்கிறேன். நான் வேண்டாம் என்று ஒதுக்கியதற்குத்தான் இதுவரை மதிப்பு. வேண்டும் என்று எடுத்துவைத்ததை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

பதினைந்து சத்தம் மளமளவென்று ஆகிவிட்டது. அம்மா வீடு காங்கேயத்தில். அங்கே எண்ணெய் மில் களத்தில் காயப்போட்ட கொப்பரையைப் பலகையால் இழுத்துப் புரட்டும்போது ஒரு சரசரப்பு வரும். அதைப் பிடித்து, பேட்டரி தீர்ந்துபோகிற நிலையில் இருந்த பழைய டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டேன். டேப் சோம்பேறித்தனமாகச் சுற்றியதில் சரசரப்பு பெருமூச்சு ஆயிற்று. அது நாலாவது பொத்தான். ஜமக்காளத்தை மாடியில் ஒரே உதறாக உதறிய சத்தத்தை, சித்திரை வெயிலில் காரின் முன்கண்ணாடி ஓரம் ஒரு வாரம் காய்ந்து வளைந்துபோன கேசட்டில் பதிந்தபோது, தோல் வாத்தியத்தில் பிரம்பால் அடித்ததுபோல வந்தது. அது இரண்டாவது. கேஸ் லைட்டர் சொடுக்கு, டிபன் கேரியர் கொக்கி, சிவப்பு அட்டை வாங்கிய ஒரு மோட்டாரின் கடைசி முனகல் என்று மீதியெல்லாம் இப்படித்தான்.

பாக்கி ஒன்றுதான். அடித்தளம் போடுகிற 'தொம்'. தாளத்துக்கு அதுதான் கால். அது இல்லாவிட்டால் மீதி பதினைந்தும் ஆகாயத்தில் தொங்கும். அதற்கான மெஷின் என் காலடியிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே வீட்டுச் சொந்தக்கார அக்கா. இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறார். காலை ஐந்து மணிக்குப் பெரிய கிரைண்டரைப் போட்டால் ஒன்பது வரைக்கும் ஓடும். ஒரு பதினைந்து நாளாக அந்தக் கிரைண்டர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் 'தொம்' என்று அடித்துக்கொண்டிருந்தது. சுவர் வழியாக ஏறி, எங்கள் கட்டில் கால் வழியாக என் முதுகெலும்புக்கு வரும். முதல் நாளே தெரிந்துவிட்டது, பெல்ட் பக்கத்துப் பேரிங் போய்விட்டது என்று. அதே விநாடியில் இன்னொன்றும் தெரிந்தது, இதுதான் என் பதினாறாவது பொத்தான் என்று.

சுவரில் ஒட்டிப் பதிகிற மைக் ஒன்றுக்கு ஆர்டர் சொல்லியிருந்தேன். அது இதோ வருகிறது, அதோ வருகிறது என்றிருந்தது. அதனால் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்று கௌரவமாகச் சொல்கிறேன். உண்மையில், ஒரு மெஷின் தேய்ந்துகொண்டிருப்பது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கம்பெனியில் வேறு யாராவது இப்படிச் செய்தால் நானே மேலே போய்ப் புகார் சொல்லியிருப்பேன். அக்கா எனக்குத் தினமும் ஒரு கிண்ணம் மாவு கொடுத்தனுப்புகிறவர் வேறு. இட்லி தொண்டையில் கொஞ்சம் சிக்கத்தான் செய்தது. சிக்கியதோடு சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலை, மாதிரிக்கு இருக்கட்டும் என்று படிக்கட்டில் நின்று போனில் பதிந்தேன். மூன்றே மூன்று அடிதான் கிடைத்தது, அதுவும் பேச்சோடு பேச்சாக. அக்கா எட்டிப் பார்த்து, "ஏனுங் அம்மணி, காப்பி குடிச்சாச்சுங்களா?" என்றார். நம் ஊரில் ஒரு மனுஷியை மனுஷி பார்த்தால் எதையாவது கேட்காமல் போக முடியாது. என்னிடம் இருக்கும் பதிவுகளில் பாதிக்கு மேல் யாராவது யாரையாவது சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போகட்டும், மைக் வந்ததும் சனிக்கிழமை ஒழுங்காக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமைக்குள் பதினாறும் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பொத்தானுக்கு வேறு யாருடைய சத்தத்தையாவது போட்டுக்கொள்வதாக அந்த வெளிநாட்டுக்காரர் எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மைக்கை எங்கே ஒட்டலாம் என்று பார்க்கக் கீழே போனேன். அக்கா கிரைண்டரைக் கழுவுவதற்காக அதைக் காலியாக ஓடவிட்டிருந்தார். நான் பாட்டுக்குச் சுவரில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தேன். திரும்பினால் பின்னால் அக்கா.

"சத்தம் ரொம்பத் தொந்தரவா இருக்குதுங்களா அம்மணி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க்கா."

"பின்ன செவுத்துல காத வெச்சுட்டு நிக்கறீங்க?"

டிரம் மெஷின், பதினாறு பொத்தான், வெளிநாடு என்று ஆரம்பித்துச் சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. உங்கள் மெஷினின் வியாதி எனக்கு வேண்டும் என்று எப்படிக் கேட்பது? அந்த இடத்தில்தான் என் பெருமை முந்திக்கொண்டது. "பெல்ட் பக்கத்துப் பேரிங் தேஞ்சுபோச்சுங்க்கா. இப்படியே உட்டா ஷாஃப்ட் போயிருமுங்க" என்றேன். ஸ்க்ரூடிரைவர் வைக்காமலே சொன்னேன் என்பதில் எனக்கு உள்ளூரக் குஷி. மெக்கானிக் என்றால் இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று ஒரு வாரமாவது இழுப்பார், அதற்குள் சனிக்கிழமை வந்துவிடும் என்று ஒரு கணக்கும் போட்டிருந்தேன்.

இது கோயம்புத்தூர் என்பதை மறந்துவிட்டேன். இங்கே தெருவுக்குத் தெரு மோட்டார் மெக்கானிக். சத்தம் போடும் மெஷின் ஒன்று இருக்கிறது என்று காதில் விழுந்தால் இவர்களுக்குச் சோறு இறங்காது. அக்கா போன் செய்து அரை மணி நேரத்தில் ஒருவர் வந்தார். ராத்திரி எட்டு மணிக்குள் பேரிங்கை மாற்றிப் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கண் விழித்துக் கட்டிலில் முதுகை அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். கிரைண்டர் வழுவழுவென்று ஓடியது. என் கையாலேயே பச்சை அட்டை கட்டி அனுப்பலாம், அத்தனை சுத்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் மைக்கும் வந்து சேர்ந்தது.

"பழைய பேரிங்கை ஒரு மணி நேரம் மாட்டித் தரச் சொல்லேன்" என்றார் வீட்டுக்காரர். சொல்வது சுலபம். நன்றாக ஓடுகிற மெஷினைக் கெடுத்துக் கொடுங்கள் என்று நான், ஒரு டெஸ்டர், போய் நிற்பதா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் ஜமக்காளத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கையில் இருந்தது புதன்கிழமை போனில் பிடித்த மூன்று அடி. மூன்றின் மேலும் அக்காவின் காப்பி விசாரணை. கம்ப்யூட்டரில் குரலைப் பிரித்து எடுத்தேன். குரலோடு 'தொம்'மின் வயிறும் கரைந்து, பல் போன வாய் பேசுவதுபோல ஆயிற்று. சனிக்கிழமை மொட்டை மாடியில் காலியாக இருந்த பிளாஸ்டிக் டேங்குக்குள் ஸ்பீக்கரை இறக்கி ஓடவிட்டுப் பார்த்தேன். எதிரொலியில் குரல் மங்கிவிடும் என்று நினைப்பு. மங்கவில்லை. "காப்பி குடிச்சாச்சுங்களா" என்று வானத்திலிருந்து அசரீரி மாதிரி இறங்கியது. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், "ஆச்சுங்க, நீங்க?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவைப் பார்க்க சிங்காநல்லூரில் காங்கேயம் பஸ் ஏறினேன். ரெக்கார்டரும், அந்த மூன்று அடியை ஏற்றியிருந்த பென்டிரைவும் கைப்பையிலேயே கிடந்தன. வழக்கமாகப் போகும் தனியார் பஸ். பாட்டு போட்டுக்கொண்டே போவார்கள். பின்பக்க ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்து எத்தனையோ நாளாயிற்று, ஒருவரும் மாற்றவில்லை. மனம் நொந்துபோய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவளுக்கு, சூலூர் தாண்டியதும் ஒன்று உறைத்தது. பாடுகிறவர் குரலே கேட்கவில்லை. வெறும் 'தொம் தொம்' மட்டும்தான் கேட்டது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை இந்த ஸ்பீக்கரைத் திட்டியிருக்கிறேன். குரலை விழுங்கிவிட்டு அடியை மட்டும் கக்குகிற மெஷின் ஒன்று என் தலைக்கு மேலேயே மாட்டியிருக்கிறது.

கண்டக்டர் முகம் பழக்கம். "அண்ணா, இந்தப் பென்டிரைவ ஒரு அஞ்சு நிமிசம் போடறீங்களா?" என்றேன்.

"சாமி பாட்டுங்களா?"

"பாட்டில்லீங்ண்ணா. சத்தமுங்க. கொஞ்சம் வேணுங்க."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நம் ஊர்க்காரர்கள் மரியாதையில் பாதி கேள்வியை விழுங்கிவிடுவார்கள். பல்லடத்தில் கூட்டம் இறங்கியதும் போட்டுவிட்டு, டிக்கெட் கொடுக்கப் பின்னால் போய்விட்டார். நான் ரெக்கார்டரை ஸ்பீக்கருக்கு நேராகப் பிடித்தேன். தொம். தொம். தொம். அந்த மூன்றையே வெவ்வேறு வேகத்தில், வரிசையாகத் திரும்பத் திரும்பக் கோத்துவைத்திருந்தேன். குரல் சுத்தமாகப் போயிருந்தது. ஆனால் ரெக்கார்டரில் காதை வைத்தால் பஸ் இன்ஜினின் உறுமல்தான் மேலே நின்றது. இதை யோசிக்காமல் விட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அப்போது பஸ் மெதுவானது. முன் சீட்டில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர், "பின்னாடி டயர்லீங்க சத்தம்" என்றார். "டயரில்லீங்க, ஸ்பிரிங் பட்டை" என்றார் ஒரு அம்மா. நாலைந்து பேருக்கு நாலைந்து அபிப்பிராயம். டிரைவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பேரிங்குங்க" என்றார். தென்னந்தோப்பு ஓரமாக வண்டியை ஒதுக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பின்னாலேயே இறங்கிப் போனார்கள். கண்டக்டர் எல்லோருக்கும் முன்னால் போனார். பென்டிரைவைப் போட்டவரே அவர்தான்.

காலி பஸ். இன்ஜின் இல்லை, பேச்சு இல்லை. இன்ஜினை நிறுத்தினாலும் சாவியை முழுக்கத் திருப்பாததால் ஸ்பீக்கர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஜன்னல் கண்ணாடிகள் வரிசையாக மெல்ல அதிர்ந்து அடங்கின. அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கீழே ஒரு மனிதர் சட்டை அழுக்காக மல்லாந்து படுத்துப் பேரிங்கைத் தேடிக்கொண்டிருந்தார். அக்காவிடம் பதினைந்து நாள் மூடிய வாயை இங்கேயும் மூடிக்கொண்டேன். நாற்பது விநாடி. ரெக்கார்டரில் எண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"வண்டிய ஆஃப் பண்ணியும் நிக்க மாட்டீங்குதே" என்று கீழேயிருந்து டிரைவரின் குரல் வந்தது. அதற்கு மேல் முடியவில்லை. ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு இறங்கிப் போய், எல்லோர் முன்னாலும் கையைப் பிசைந்துகொண்டு சொன்னேன்.

டிரைவர் எழுந்து முதுகில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"என்ன மெசினுங்க அது?" என்றார்.

"மாவு கிரைண்டருங்ண்ணா."

"பேரிங்தானுங்களே?"

"ஆமாங்ண்ணா. பெல்ட் பக்கத்துப் பேரிங்கு."

அவர் வெள்ளைச் சட்டைக்காரரிடம் திரும்பினார். "நாஞ் சொன்னனா இல்லீங்களா, பேரிங்குன்னு?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. காங்கேயம் வரைக்கும் என்னிடம் ஒவ்வொருவராக வந்து அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பட்டை என்று சொன்ன அம்மா மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலையில் பதினாறையும் அனுப்பினேன். மறுநாள் ஒற்றை வரியில் பதில் வந்தது: பதினாறாவது எந்த வாத்தியம் என்று கேட்டிருந்தார். பஸ் என்று எழுதினேன்.

மூன்று மாதம் கழித்துக் கூரியரில் பெட்டி வந்தது. முதலில் அக்காவிடம்தான் காட்ட வேண்டும் என்று காலையிலேயே எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். புதுப் பேரிங் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை மேடைமேல் வைத்து, கடைசிப் பொத்தானைக் காட்டி, அமுக்கச் சொன்னேன். அக்கா மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு விரலால் அமுக்கினார். தொம்.

அவர் கிரைண்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். இன்னொரு தரம் அமுக்கினார்.

"எங்க மெசினுங்களே இது."

"ஆமாங்க்கா." அதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. சுவரில் காதை வைத்தது ஏன், பதினைந்து நாள் தெரிந்தும் சொல்லாமல் இருந்தது, பிறகு வாய்க்கொழுப்பில் சொன்னது, பஸ்ஸை நிறுத்தியது, எல்லாவற்றையும் கொட்டினேன். முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"இதுக்காவா?" என்றார் அக்கா. "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நாலு நாள் கழிச்சு மாத்திக்கறனுங்கன்னு மெக்கானிக்க அனுப்பிப்போட்டிருப்பேனே அம்மணி. கேக்கறதுக்கு என்னங்க?"

இருபது வருஷமாகக் காதை வைத்துப் பிழைக்கிறேன். பக்கத்தில் இருக்கிற மனுஷியிடம் வாயைத் திறந்து ஒன்று கேட்கத் தெரியவில்லை. அக்கா அந்தப் பொத்தானை மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தார்.

"நெசத்தச் சொன்னா, பேரிங்க மாத்துனதுலருந்து காலீல ஒண்டியா நிக்கறாப்ல இருக்குதுங்க. முன்னெல்லாம் அது அடிக்கற அடிக்குத்தான் பாக்கெட் போடுவேன். கை தன்னால ஓடும்." பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "இத ஒரு மணி நேரம் இங்கயே வெச்சுட்டுப் போறீங்களா?"

எப்படித் தொடர்ந்து ஓடவிடுவது என்று காட்டிக் கொடுத்துவிட்டு மேலே வந்தேன். வீட்டுக்காரர் காப்பி டம்ளரோடு சுவர் ஓரம் நின்றிருந்தார். "மறுபடியும் பேரிங் போயிருச்சா?" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டு, நானும் பக்கத்தில் போய்ச் சுவரில் காதை வைத்தேன்.